மலைப்பாதைக்கு ஒரு பல் குறைத்தால் போதும்!

‘ரெண்டு ஏக்கர் காபித் தோட்டம். ஊடுபயிரா மிளகும் மலைவாழையும் இருக்கு. 100 சி.சி. பைக்லதான் எல்லாப் போக்குவரத்தும். மூட்டையோட தோட்டத்து ஏத்தத்துல முதல் கியர்லயே வண்டி திணறுது. ஒரே வருஷத்துல ரெண்டு தடவை கிளட்ச் பிளேட் மாத்திட்டேன். பின்னாடி பெரிய ஸ்பிராக்கெட் போடச் சொல்றாங்க. போடலாமா?’

பெரும்பாறையிலிருந்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் முடித்திருக்கலாம். ஆனால், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை, கொல்லிமலை என்று மலையில் வெள்ளாமை செய்யும் எல்லோருக்கும் இதே பாடுதான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, மூட்டை 50 கிலோ என்றால் மொத்தம் 225 கிலோ. 100 அடி தூரத்துக்கு 10 அடி ஏறும் சாலையில், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 22 கிலோவுக்கு மேல், வண்டியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். தோட்டத்து மண்பாதையில் ஏற்றம் இதைவிட அதிகம். போதாக்குறைக்கு, 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், இன்ஜின் தன் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. திணறும் வண்டியை அரை கிளட்ச் பிடித்து உருட்டுகிறோம். பிளேட் கருகுவது அங்கேதான்.

பைக்கில் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. இன்ஜின் பக்கம் சின்னது, பின்சக்கரத்தில் பெரியது. பெரியதன் பற்களைச் சின்னதன் பற்களால் வகுத்தால் வருவதுதான் கணக்கு. உதாரணத்துக்கு முன்னால் 14, பின்னால் 42 என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. முன்னால் 13 பல் போட்டால் அது 3.23 ஆகிவிடும். எல்லா கியரிலும் இழுவை சுமார் 8 சதவிகிதம் கூடும். அதே இழுவை பின்சக்கரத்தை மாற்றிக் கிடைக்க வேண்டுமென்றால் 42-ஐ 45 ஆக்க வேண்டும். முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். உங்கள் வண்டியில் எத்தனை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும்.

அதனால் என் பதில், முதலில் பின்சக்கரத்தைத் தொடாதீர்கள் என்பதுதான். முன்னால் ஒரு பல் குறைத்தால் செயின் லேசாகத் தொங்கும். பின்சக்கரத்தை 3 மில்லிமீட்டர் போலப் பின்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும். பின்னால் மூன்று பல் கூட்டினால் சக்கரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முன்னே வர வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் நீளமான செயின் வாங்க வேண்டும், செயின் கவரும் உரசலாம். செலவு கூடிக்கொண்டே போகும். அதேநேரம், ‘ஒன்றுக்கே இவ்வளவு என்றால் மூன்று பல் குறைக்கிறேன்’ என்று கிளம்பிவிட வேண்டாம். முன்சக்கரம் சிறுத்தால் செயின் அதிகமாக வளைந்து ஓடும், சீக்கிரம் தேயும்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி, அதே இன்ஜின் ஓட்டத்தில் 56-ல்தான் போகும். வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று தினமும் சமவெளியில் ஓடுபவருக்கு இரைச்சலும் பெட்ரோல் செலவும் கூடும். அவர்கள் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுவது நல்லது.

பெரிய பல்சக்கரம் போடும் யோசனை பழசுதான். 1960-ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரத்து டீலர் ஹெர்ப் உல், ஹோண்டா 50 சி.சி. வண்டியில் பெரிய பின் பல்சக்கரமும் பட்டன் டயரும் மாட்டி, காட்டுப்பாதையில் போகிறவர்களுக்கு விற்றார். விற்பனையைப் பார்த்த ஹோண்டா, 1961-ல் ‘ட்ரெயில் 50’ என்ற வண்டியையே கொண்டுவந்தது. அதில் பின்னால் இரண்டு பல்சக்கரங்கள், சாலைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. மலைக்கு மாற்றும்போது செயினில் ஒரு துண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு அந்த வசதி இல்லை. எங்கே அதிகம் ஓட்டுகிறோம் என்று பார்த்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உயிர் போகிற விஷயம் இறக்கத்தில்தான் இருக்கிறது. உரமூட்டை மேலே ஏறும், சரி. காபியும் மிளகும் வாழைத்தாரும் பட்டிவீரன்பட்டிக்கோ வத்தலக்குண்டுக்கோ கீழேதானே இறங்குகின்றன? பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் விடாமல் பிடித்த டிரம் பிரேக் சூடேறி, பிடிமானம் குறைந்துபோகும். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ, அதே கியரில் இறங்குங்கள். கிளட்ச்சைப் பிடிக்காதீர்கள். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஒரு பல் குறைத்த வண்டியில் இந்தப் பிடி இன்னும் கூடும். ஸ்பிராக்கெட் மாற்றச் சொல்வதற்கு எனக்கு இதுதான் முதல் காரணம், ஏற்றம் அடுத்தபடிதான்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். அதில் கியர் மாற்றும் வேலையே இல்லை, ஒரே கியர்தான். ஆகவே, பல்சக்கரம் மாற்றினால் மாறுதல் நன்றாகவே தெரியும். ஆனால், அது தானியங்கி கிளட்ச். பாரத்தோடு மெதுவாக ஏறினால் வழுக்கிச் சூடாகும். முதலில் சுமையைப் பாதியாக்கி இரண்டு நடை போய்ப் பாருங்கள்.

மாற்றும்போது சில விஷயங்கள். பழைய பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால், செயினோடு முழு செட்டையும் மாற்றுங்கள். தேய்ந்த செயின் புதுப் பல்லைத் தின்றுவிடும். செயின் லாக் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பிப் போட்டால், கிளிப் கழன்று நடு இறக்கத்தில் செயின் அறுந்து கொள்ளும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால், டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

பெரும்பாறை நண்பரே, முன்னால் ஒரு பல் மட்டும் குறைத்து, இந்தக் காபி அறுவடை முடியும்வரை ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பல்சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்ப மாட்ட அரை மணி நேரம் போதும்.