உங்களுக்குத் தெரியுமா? தோலில் ஊட்டும் மீன்

● மீனுக்கு ஏது பால்? ஆனாலும் டிஸ்கஸ் மீன் தன் உடம்பிலிருந்தே குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. தோலின் மேல் ஊறும் வழுவழுப்புதான் குஞ்சுகளின் முதல் ஆகாரம். தாய் மட்டுமல்ல, தகப்பனும் ஊட்டும்!

● டிஸ்கஸின் தாய்வீடு அமேசான் படுகை. ஆஸ்திரிய இயற்கையியலாளர் யோஹான் நாட்டரர் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றுப் பகுதியில் சேகரித்த மீனுக்கு, வியன்னாவில் யோஹான் யாக்கோப் ஹெக்கல் 1840-இல் அறிவியல் பெயர் சூட்டினார். தட்டுப்போல வட்டமாக இருப்பதால் 'டிஸ்கஸ்' என்ற பெயர்.

● ரியோ நெக்ரோ என்றால் 'கருப்பு ஆறு'. காட்டிலைகள் ஊறி, தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும். அதில் உப்புகள் மிகக் குறைவு, அமிலத்தன்மை உண்டு. நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் பெரிய டிஸ்கஸ் பிழைத்துக்கொள்ளும். ஆனால் முட்டைகள் சரியாகப் பொரிக்காது. அதனால்தான் வளர்ப்பவர்கள் ஆர்.ஓ. நீர் கலந்து, பி.எச். அளவை 6 முதல் 6.5 வரையிலும், வெப்பத்தை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலும் வைத்துக்கொள்கிறார்கள்.

● பார்த்த மாத்திரத்தில் ஆண், பெண் தெரியாது. ஆறேழு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவையே ஜோடி சேரும்வரை காத்திருப்பதே நல்ல வழி. சில சமயம் இரண்டு பெண் மீன்களே ஜோடிபோல நடந்து முட்டையும் இடும். அத்தனை முட்டையும் வெளுத்துப்போகும்போதுதான் சங்கதி புரியும்.

● முட்டையிடத் தொட்டியின் நடுவில் ஒரு சுட்ட மண் கூம்பு போதும். நிமிர்ந்து நிற்கும் பரப்பைத்தான் டிஸ்கஸ் விரும்பும். ஜோடி அந்தக் கூம்பை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கினால் முட்டைக்கு நாள் நெருங்கிவிட்டது.

● முட்டையிட்டபின் இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறும். வெளுத்த முட்டைகளை வாயால் பொறுக்கி எடுத்துவிடும். சுமார் 60 மணி நேரத்தில் குஞ்சு பொரியும். இளம் ஜோடிகள் முதல் சில ஈடுகளைத் தின்றுவிடுவது சகஜம். மனம் தளர வேண்டாம். கூம்பைச் சுற்றிக் கம்பிவலை போட்டால் முட்டையை விசிற முடியும், தின்ன முடியாது.

● பொரிந்த குஞ்சுக்கு உடனே நீந்தத் தெரியாது. தலையில் உள்ள ஒட்டுச்சுரப்பியால் கூம்பிலேயே ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடிக்கவிடும். இரண்டு மூன்று நாள் மஞ்சள் கருப் பைதான் சோறு. பிறகுதான் நீச்சல்.

● நீந்தத் தொடங்கும் அந்த ஒரு நாள்தான் கண்டம். பெற்றோரின் உடல் நிறம் கருக்கும். கருமையைத் தேடித்தான் குஞ்சுகள் போய் ஒட்டும். தொட்டியில் கருப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் அதையே பெற்றோர் என்று நம்பிப் பட்டினி கிடக்கும்! வெறுந்தரைத் தொட்டி, குறைந்த நீர்மட்டம், மெல்லிய காற்றுக்குமிழி, இரவில் ஒரு சின்ன விளக்கு: இவ்வளவு செய்தால் குஞ்சுகள் வழி தவறாது.

● 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து உலகுக்கு அறிமுகமான 'பிஜன் பிளட்' ரகம் கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் அதற்கு உடம்பு சரியாகக் கருக்காது. அதனால் குஞ்சுகள் பெற்றோரைக் கண்டுபிடிக்கத் தடுமாறும். கருக்கக்கூடிய வேறு ரகத் துணையோடு ஜோடி சேர்த்தால் குஞ்சுகள் அந்தத் துணையைத் தேடிப் போகும்.

● டிஸ்கஸின் இந்த வினோத ஊட்டலை 1959-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹில்டெமான் கட்டுரையாக எழுதினார். 2010-இல் வெளியான பிளிமத் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு இன்னும் ஆழமாகப் பார்த்தது. முட்டையிட்டதும் வழுவழுப்பில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. பாலூட்டிகளின் பாலில் நடப்பதுபோலவே!

● பெற்றோருக்குள் முறை வைத்த வேலை உண்டு. சில நிமிடம் ஒன்று ஊட்டும். பிறகு சட்டென்று உடலை உதறி, குஞ்சுக் கூட்டத்தை மற்றதிடம் ஒப்படைக்கும்.

● நம் பக்கத்திலும் இப்படி ஒரு மீன் உண்டு. தென்னிந்தியா, இலங்கைக் காயல்களில் வாழும் ஆரஞ்சு குரோமைட்டின் குஞ்சுகளும் பெற்றோரின் தோல் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும்.

● டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கி நாலைந்து நாள் ஆனதும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் நுண்குஞ்சுகளைக் கொடுக்கலாம். அதன் முட்டைகளை உப்புநீரில் போட்டுக் காற்றடித்து வைத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, அடியில் வெளிச்சம் காட்டினால் ஓடு மேலே மிதக்கும். உயிருள்ளவை வெளிச்சத்துக்கு வந்து கூடும். நல்ல நீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமானால் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, தினமும் தண்ணீர் மாற்றுவது கட்டாயம்.

● எப்போது பிரிப்பது? பதில் பெற்றோரிடமே இருக்கிறது. முதல் இரண்டு வாரம் குஞ்சுகளை விட்டு விலகாத அவை, மூன்றாம் வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நீந்தத் தொடங்கும் என்கிறது அதே பிளிமத் ஆய்வு. கொத்த வரும் குஞ்சுகளுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும். ஆர்ட்டீமியாவை நன்றாகத் தின்னும் குஞ்சுகளை அப்போது வேறு தொட்டிக்கு மாற்றலாம். அதுவரை தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, கையை வெளியே வைத்திருங்கள்.