துடுப்புப் பந்தயமும் உயிர்ப் பொறுப்பும்

கொடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரைக் கலெக்டராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863-ஆம் ஆண்டில் ஓடைகளை மறித்துக் கரை எழுப்பி உண்டாக்கியது. அதில் 1890-இல் படகுச் சங்கம் ஏற்பட்டது. ஆண்டுதோறும் கோடை விழாவின்போது படகுப் போட்டியும், அலங்காரப் படகுகளின் அணிவகுப்பும் அங்கே நடைபெறுவதை நம் திண்டுக்கல் மாவட்டத்து ஜனங்கள் அனைவரும் அறிவர். நீர்மேல் பந்தயம் என்றால் திண்டுக்கல்காரரின் நினைவுக்கு முதலில் வருவது அதுவே. ஆனால், காலம் மாறிவிட்டது. 2023 அக்டோபரில் ஹாங்சோ நகரத்து ஆசிய விளையாட்டில் நம் நாட்டு இளைஞர் இருவர் கனோ என்னும் துடுப்புப் படகின் இரட்டையர் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்ற பிறகு, துடுப்பு விளையாட்டுகளின்பால் இளைஞர்களுக்கு ஒரு புதிய ஆவல் பிறந்திருக்கிறது. கயாக் என்னும் ஒடுங்கிய இலேசான படகை வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் முன்போல் அரிய காரியமல்ல. வடகிழக்குப் பருவமழை நன்றாய்ப் பெய்த ஆண்டில் சமவெளியின் கண்மாய்களும் தேக்கங்களும் நிறைந்து நிற்கும்பொழுது, அங்கே ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணத்தை நான் வரவேற்கிறேன். பந்தயம் நடத்துவோர் எந்தக் கடமைக்குக் கட்டுப்பட்டவர், பணம் கட்டிப் படகில் ஏறுகிறவர் எந்த உரிமைக்கு உரியவர் என்பதை இருசாராரும் முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

கயாக்கின் தன்மையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றுலாப் படகில் பயணி வெறும் சுமை, ஓட்டுகிறவர் வேறொருவர். கயாக்கிலோ அமர்ந்திருப்பவரே ஓட்டுநர். கால்களை முன்னே நீட்டி, நீர்மட்டத்தை ஒட்டியே உட்கார்ந்து, இருபுறமும் அலகுடைய துடுப்பை மாறி மாறி வலிக்கிறார். கவிழ்வது இந்த விளையாட்டில் விபத்தாகக் கருதப்படுவதில்லை. பயில்கிறவனுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் கவிழ்ந்த படகிலிருந்து வெளிவருவதும், நீரில் மிதந்தபடியே மறுபடியும் அதில் ஏறுவதும் அடங்கும். ஆகையால், இவ்விரண்டையும் கரையோர ஆழமற்ற நீரில் செய்து காட்டாத ஒருவரைப் பந்தய வரிசையில் நிறுத்துவது, நடத்துகிறவரின் முதற்குற்றம் என்பேன். நீச்சல் தெரியும் என்று வாயால் சொல்வது போதாது. கிணற்றில் குதித்து விளையாடிய பழக்கம் வேறு, கரையிலிருந்து அரை மைல் தூரத்தில், காற்றில் அலை எழும்பும் நீரில், களைத்த கைகளோடு மிதப்பது வேறு.

நம் நீர்நிலைகளில் மறைந்திருக்கும் அபாயங்கள் கடலின் அபாயங்களைக் காட்டிலும் தந்திரமானவை. கண்மாய் நிறைந்தால் அதன் உட்பரப்பில் வளர்ந்த சீமைக்கருவேல மரங்கள் நீருக்குள் மூழ்கி, முள்ளும் கட்டையுமாய் அடியில் நிற்கின்றன. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் விரித்த வலைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். கவிழ்ந்தவனின் கால் அதில் சிக்கினால் உயிர்காப்புச் சட்டைகூடப் பயன்படாமற் போகலாம். திறந்த மதகின் அருகில் நீர் உள்ளிழுக்கும் வேகம் மேற்பரப்பில் தெரியாது. தடுப்பணையைத் தாண்டி விழும் நீரோ, பார்வைக்கு ஓர் இடுப்பளவு வீழ்ச்சியாகத் தோன்றினும், அடியில் சுழன்று, விழுந்தவனை மீண்டும் மீண்டும் அணையின் சுவர்ப் பக்கமே இழுத்துச் செல்லும் இயல்புடையது. வல்ல நீச்சல்காரரும் அங்கே மாண்டதுண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, சித்திரை, வைகாசியில் பிற்பகலில் திரண்டு இடியோடு கொட்டும் கோடைமழை ஆகியவற்றையும் சேர்த்தே நாள் குறிக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவான நேரமே இருக்குமானால் அனைவரும் நீரைவிட்டு வெளியேற வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் கழியும்வரை திரும்ப இறங்கலாகாது.

ஆற்றில் பந்தயம் வைக்க நினைப்பவர் இன்னும் ஒரு படி அதிகச் சிரத்தை கொள்ளவேண்டும். வைகையாறு நம் நிலக்கோட்டை வட்டத்தின் வழியே பேரணையைத் தொட்டுச் செல்கிறது. மேலே உள்ள வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர மக்களுக்கு விடுக்கப்படுவது வழக்கம். அணையின் நீர் திறப்பை அறியாமல் ஆற்றில் இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு 2014 ஜூன் 8-ஆம் தேதி இமாசலப் பிரதேசத்துப் பியாஸ் நதியில் நிகழ்ந்தது சாட்சி. ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர் 24 பேர், லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறக்கப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டனர்.  அணையின் அதிகாரிகளோடு எழுத்து மூலம் தொடர்புகொண்டு, பந்தய நேரம் முடியும்வரை நீர் திறப்பில்லை என்ற உறுதியைப் பெறாமல், அணைக்குக் கீழே எந்தப் பந்தயமும் நடத்தலாகாது.

கயாக்கிற்கே உரிய பெருந்துயரம் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் நடந்தது. 1993 மார்ச் 22 அன்று, பிளிமத் நகரப் பள்ளி மாணவர் எண்மரும் அவர்தம் ஆசிரியரும், சாகசப் பயிற்சி நிலையமொன்றின் இரு பயிற்சியாளரோடு கடற்கரையோரமாய்ச் சிறுதூரம் செல்வதற்குப் புறப்பட்டனர். காற்று அவர்களைக் கரையைவிட்டு விலக்கிற்று. படகுகளில் நீர் நிறைந்தது. ஆபத்தை அறிவிக்கும் தீப்பந்த உபகரணம் கையில் இல்லை. குறித்த நேரத்தில் திரும்பாதவர்களைப் பற்றிய தகவல் மீட்புப் படைக்குத் தாமதமாகவே போயிற்று. குளிர்ந்த நீரில் மணிக்கணக்காய் மிதந்து, நான்கு பிள்ளைகள் உயிரிழந்தனர். அந்நிலையத்தில் முன்பு வேலைசெய்த பயிற்சியாளர்கள் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டி ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தார்கள் என்பது பின்னர் வழக்கில் வெளிவந்தது. 1994-இல் அந்த நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் மரணம் விளைவித்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். 1995-இல் இளையோருக்குச் சாகசப் பயிற்சி அளிக்கும் நிலையங்களுக்கு உரிமம் வேண்டுமென்ற சட்டமே அந்நாட்டில் பிறந்தது. அங்கே தவறியவை யாவும் மிகச் சாதாரணமானவை: கிளம்பியவர் யார், திரும்பியவர் யார் என்ற கணக்கு; ஒரு விசில்; ஒரு தொலைபேசி அழைப்பு; பக்கத்தில் நிற்கவேண்டிய ஒரு காப்புப் படகு.

அந்தச் சாதாரணக் காரியங்களே நடத்துகிறவரின் கடமை. நீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் தேகத்துக்குப் பொருந்தும் உயிர்காப்புச் சட்டை வேண்டும்; அதன் வார்களைப் பிடித்துத் தோளருகே தூக்கிப் பார்த்தால் அது முகவாயைத் தாண்டி ஏறக்கூடாது. சட்டையோடு ஒரு விசில் கட்டியிருக்க வேண்டும். தொடக்கத்தில் எண்ணிய பெயர்களை முடிவில் மறுபடியும் எண்ணி, ஒருவர் குறைந்தாலும் தேடத் தொடங்கவேண்டும். என் கருத்தில், புதியவர்கள் கலந்துகொள்ளும் பந்தயத்தில் எட்டுப் படகுக்கு ஒன்றுக்குக் குறையாமல் காப்புப் படகு நிற்கவேண்டும். கரையில் மூச்சூட்டத் தெரிந்த ஆளும், வாகனமும் காத்திருக்க வேண்டும். நீரில் மூழ்கியவரைத் தூக்கி வயிற்றை அமுக்குவதும், தலைகீழாய்ச் சுற்றுவதும் நம் ஊர்ப்பக்கம் இன்னும் காணப்படும் கொடிய பழக்கங்கள். மூழ்கினவருக்கு முதலில் தேவை காற்று. ஆகவே, வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுவதில் தொடங்கி, பிறகு மார்பை அழுத்த வேண்டும். 108-க்கு இன்னொருவர் அழைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உள்ளூர் மீனவர்களைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பரிசலும் வலையுமாய் அந்த நீரில் பல்லாண்டு தொழில் செய்கிறவர்களுக்கு, கட்டை எங்கே, பள்ளம் எங்கே, மதகு எப்போது திறக்கும் என்பது கைரேகை போல் தெரியும். பந்தயப் பாதையை அவர்களோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின் வரைவதும், கூலி கொடுத்து அவர்களையே காப்புப் பணியில் அமர்த்துவதும் மிக உசிதமானவை. குத்தகைதாரரின் சம்மதமின்றி அவர் வலைமேல் பந்தயப் படகுகளை விடுவது அவரது ஜீவனத்துக்கு இழைக்கும் அநீதி.

அனுமதி விஷயத்தில் குழப்பம் வேண்டாம். தேக்கமும் கண்மாயும் நீர்வளத்துறையின் பொறுப்பிலோ உள்ளாட்சியின் பொறுப்பிலோ இருக்கும். அந்த அமைப்பின் எழுத்து மூலமான இசைவும், காவல்துறைக்கும் தீயணைப்பு மீட்புத்துறைக்கும் முன்னறிவிப்பும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் அவசியம். தமிழ்நாட்டுச் சுற்றுலாத்துறை சாகசச் சுற்றுலா நடத்துவோருக்கென ஒரு பதிவுமுறையையும் வகுத்திருக்கிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரத்தின் குடிநீர் ஆதாரமாகும். அத்தகைய நீரில் கூட்டம் கூட்டிப் பந்தயம் வைக்கும் யோசனையையே கைவிடுவது நன்று. அனுமதி உண்டா என்ற சந்தேகம் எழுந்தால், எந்தப் பிரஜையும் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுச்செய்து நகல் கேட்கலாம்; 30 நாளுக்குள் பதில் தரவேண்டும்.

இனி, பலரையும் ஏமாற்றும் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவு செய்யும்பொழுதே, “எனக்கு எது நேர்ந்தாலும் நடத்துகிறவர் பொறுப்பல்ல” என்ற வாசகத்தின்கீழ் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அதில் கையெழுத்திட்டுவிட்டோமே, இனி வழக்கேது என்று துயருற்ற குடும்பங்கள் வாய்மூடி இருந்துவிடுகின்றன. விளையாட்டிற்கே உரிய இயல்பான அபாயத்தை அறிந்து ஏற்றுக்கொள்வதற்கு அந்தத் தாள் சான்றாகலாம். நடத்துகிறவரின் அஜாக்கிரதைக்கு அது கவசமாகாது. குற்றவியல் பொறுப்பை எந்த ஒப்பந்தமும் நீக்க இயலாது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. 125-ஆம் பிரிவு, மரணம் நேராவிட்டாலும் பிறர் உயிரை அபாயத்துக்குள்ளாக்கும் செயலையே குற்றமாக்குகிறது. பதினெட்டு வயது நிறையாதவர் இட்ட கையெழுத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தில் மதிப்பில்லை.

பிரவேசக் கட்டணம் செலுத்திப் பந்தயத்தில் சேர்கிறவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை பெறும் நுகர்வோர் ஆகிறார். பெற்றோர் கட்டிய பணத்தில் படகேறும் பிள்ளையும் அவ்வாறே. உயிர்காப்புச் சட்டை இல்லாமை, காப்புப் படகு இல்லாமை, முறையின்றிப் பந்தயத்தை ரத்துசெய்து பணம் திருப்பாமை எல்லாம் சேவைக் குறைபாடுகளே. அதே சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒரு வகையைப் புதிதாய் வகுத்து, அதை மாநில ஆணையத்தில் எதிர்க்கவும் வழிசெய்துள்ளது. திண்டுக்கல்லில் வசிப்பவர் கேரளத்திலோ கோவாவிலோ நடந்த பந்தயத்தைக் குறித்தும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் கொடுக்கவேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமில்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் ஆலோசனை தரும். ஏழைகள், பெண்கள், சிறுவர் ஆகியோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாய் வக்கீலை அமர்த்திக் கொடுக்கும். அதன் எண் 15100.

பள்ளியோ கல்லூரியோ பிள்ளைகளை அழைத்துச் செல்லுமானால் பொறுப்பு இன்னும் கனக்கும். 1995-இல் உல்லாசப் பயணம் சென்றபோது பியாஸ் நதியில் மூழ்கிய 14 பள்ளிச் சிறுவர் சிறுமியரின் பெற்றோருக்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து லட்ச ரூபாய் நஷ்டஈடு விதித்த தீர்ப்பை 2001-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால், 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்னி ஏரியில் சுமைமிகுந்த படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் பன்னிருவரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தபோது, அப்படகில் ஏறியோரில் பலருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. நம் மாநிலத்துப் பழவேற்காட்டிலும் 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று இவ்விதமே 22 உயிர்கள் போயின. நீதிமன்றம் தரும் நஷ்டஈடு பின்னால் வருவது. படகில் ஏறுமுன் மறுக்கும் உரிமை முன்னால் இருப்பது. அதைப் பயன்படுத்தக் கூச்சப்படுவது நம் பெரிய குறை.

விபரீதம் நேர்ந்துவிட்டால், முதலில் 112-க்கும் 108-க்கும் தகவல் கொடுக்க வேண்டும். காவல்நிலைய எல்லை எது என்று தயங்க வேண்டியதில்லை. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டுமென்பது சட்டம். பதிவு ரசீது, விளம்பரத் துண்டு, வாட்ஸ்ஆப் செய்திகள், பந்தயத்தன்று எடுத்த புகைப்படங்கள், அணிந்திருந்த சட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைக்கவேண்டும். நடத்துகிறவர் சமாதானம் பேச வரும்பொழுது, வக்கீல் படிக்காத எந்தத் தாளிலும் கையெழுத்திடலாகாது.

அடுத்த மழைக்காலத்துக்குப் பின் நம் சமவெளியில் எவரேனும் கயாக் பந்தயம் அறிவித்தால், பெற்றோரையும் இளைஞரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: பணம் கட்டுமுன் அனுமதிக் கடிதத்தின் நகலையும், காப்புப் படகுகளின் எண்ணிக்கையையும், விபத்துக் காப்பீட்டின் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள், கொடுக்க மறுப்பவரின் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.