அம்பு விமானமும் சுழல்விசிறியின் எல்லையும்

சுழல்விசிறியால் இயங்கிய விமானங்களுள் இரண்டாம் உலகப் போரிலே விரைவிற் சிறந்தது யாது என வினவுவார்க்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ஜேர்மனியின் டோர்னியர் 335 என்பதாகும். அந்நாட்டார் தம் மொழியில் அதற்கு 'அம்பு' எனப் பொருள்படும் பெயரை இட்டனர். 6,500 மீற்றர் உயரத்திலே மணிக்கு 763 கிலோமீற்றர், அஃதாவது 474 மைல், அதன் உச்ச வேகமெனக் குறிக்கப்பட்டுள்ளது. இவ்வேகத்தை ஒருவாறு உணரவேண்டின், 1942 ஏப்ரில் 5 ஆம் நாள் யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்களை நினைவிற் கொள்ளலாம். அவை மணிக்கு ஏறத்தாழ 545 கிலோமீற்றர் வேகமே உடையன. அதன்பின் ஒன்றரை ஆண்டளவில், 1943 ஒக்டோபர் 26 இல், அம்பு விமானம் முதன்முறையாக வானில் எழுந்தது. அதனைச் செலுத்தியவர் ஹான்ஸ் டீற்றர்லே. 1939 இல் ஹைங்கல் விமானமொன்றில் உலக வேகச் சாதனை நிகழ்த்தியவரும் அவரே.

இருநூறு கிலோமீற்றர் வேகத்தைக் கூட்டுதல் எளிதோ எனின், அன்று. விரைவு மிகுந்தோறும் காற்றின் தடை விரைவின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். அத்தடையை வெல்லுதற்கு வேண்டிய வலுவோ விரைவின் கனத்துக்கு ஏற்பப் பெருகும். வேகத்தைப் பத்து வீதம் கூட்ட விரும்பின், வலுவை முப்பத்துமூன்று வீதம் கூட்டவேண்டும். இரட்டை வலு வேண்டுமாயின் இரண்டு எஞ்சின்கள் வேண்டும். அவற்றைச் சிறகுக்கு ஒன்றாக வைப்பதே வழக்கம். அங்ஙனம் வைத்தால் காற்றை எதிர்க்கும் முகங்கள் உடலோடு சேர்த்து மூன்றாகிவிடும். ஓர் எஞ்சின் நின்றுவிடின் மற்றையது விமானத்தை ஒருபுறமாகத் திருப்பவும் முயலும்.

கிளோட் டோர்னியர் என்னும் பொறியியலாளர் இதற்குக் கண்ட வழி, இரண்டு எஞ்சின்களையும் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தலாகும். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். இவ்வெண்ணம் அவருக்குப் புதியதன்று. 1920 களில் அவர் அமைத்த 'வால்' என்னும் கடல் விமானத்திலும், 1929 இல் பன்னிரண்டு எஞ்சின்களோடு பறந்த 'டோ எக்ஸ்' என்னும் பெருவிமானத்திலும் எஞ்சின்கள் முன்னும் பின்னுமாகச் சோடி சோடியாகவே அமர்ந்திருந்தன. ஆயினும் அவை சிறகுக்கு மேலே இருந்தவை. அம்பு விமானத்திலோ விமானியின் இருக்கைக்குப் பின்னால், உடலின் உள்ளேயே இரண்டாவது எஞ்சின் பொருத்தப்பட்டது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு வாலின் கடைசிவரை சென்று ஆங்கிருந்த விசிறியைச் சுழற்றியது. அத்தகைய நீண்ட தண்டு நடுக்கமின்றிச் சுழலுமோ என்பதை அறிதற்பொருட்டு 1940 இல் ஒரு சிறு சோதனை விமானம் தனியே கட்டிப் பார்க்கப்பட்டது. ஒவ்வோர் எஞ்சினும் ஏறத்தாழ 1,800 பரிவலு உடையது. இரண்டு எஞ்சின்களின் வலுவுக்கு முன்னே ஒரே ஒரு முகந்தான் காற்றை எதிர்த்தது. எம்மைக் கேட்பின், இவ்விமானத்தின் சிறப்பு அதன் வேகத்தினும் இவ்வொழுங்கிலேயே உள்ளது என்போம்.

இனி, அதனினும் மிக்க வேகத்தைச் சுழல்விசிறி தாராமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை மாணவர்கள் தாமே கணக்கிட்டு அறியலாம். 3½ மீற்றர் விட்டமுள்ள ஒரு விசிறி நிமிடத்துக்கு 1,400 முறை சுழல்கின்றது எனக் கொள்வோம். அதன் இதழ் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 257 மீற்றர் வேகத்தில் வட்டமிடும். விமானம் முன்னோக்கிச் செல்லும் வேகம் செக்கனுக்கு 212 மீற்றர். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாதலின், பைதகரசின் தேற்றப்படி நுனியின் மொத்த வேகம் 333 மீற்றர் அளவாகும். 6,500 மீற்றர் உயரத்துக் குளிர்ந்த காற்றிலே ஒலியின் வேகம் 314 மீற்றர் மாத்திரமே. எனவே நுனி ஒலியை முந்திவிடுகின்றது. முந்தியவுடன் அதிர்ச்சி அலைகள் தோன்றி, எஞ்சின் தரும் வலுவின் ஒரு பகுதியை வீணாக்குகின்றன. இதற்குமேல் எத்தனை பரிவலுவைக் கூட்டினும் கிடைக்கும் பயன் சிறிதே. கெட்டித்தனமான அமைப்பினாலும் கடக்க இயலாத மதில் இது.

அம்மதிலைச் சுற்றிச் செல்லும் வழியும் அந்நாட்டிலேயே முன்னர்த் திறந்தாயிற்று. மெசர்ஸ்மிற் 262 என்னும் விமானம் 1942 யூலையிலேயே ஜெட் எஞ்சின்களால் மட்டும் பறந்துவிட்டது. அதன் வேகம் மணிக்கு 870 கிலோமீற்றர். அம்பு பிறக்கும்போதே அதனை முந்தியவன் வானில் இருந்தான். ஆயினும் அக்காலத்து ஜெட் எஞ்சின்கள் சில பத்து மணி நேரத்துள் தேய்ந்துபோவன. எரிபொருளையும் மிகுதியாகக் குடிப்பன. ஆகவே பழைய வழியைக் கைவிட ஒருவரும் துணியவில்லை.

விமானிக்கு இவ்வமைப்புத் தந்த அச்சத்தையும் சொல்லவேண்டும். பின்புறத்தே சுழலும் விசிறி இருக்க, பரசூட்டோடு குதிப்பவன் அதில் அகப்படாமல் தப்புவது எங்ஙனம்? இதற்காக மேல்வாற் செட்டையையும் பின்விசிறியையும் வெடிமருந்தால் முதலில் அறுத்தெறிந்து, அதன்பின் இருக்கையோடு விமானியை வெளியே எறியும் ஏற்பாடு செய்யப்பட்டது. வெளியெறி இருக்கை பொருத்தப்பட்ட முதல் விமானங்களுள் இதுவும் ஒன்று. பின் எஞ்சின் அடிக்கடி மிகைச் சூடேறியது. போரின் பின் பிரித்தானியர் சோதித்த ஒன்றில், 1946 சனவரியிலே, அப்பின் எஞ்சின் தீப்பற்றிக் கட்டுப்பாட்டு இணைப்புகளை எரித்துவிட, விமானம் வீழ்ந்து விமானி உயிரிழந்தார்.

1944 இல் பிரிடிரிக்சாபன் நகரத்துத் தொழிற்சாலை குண்டுவீச்சால் அழிந்தமையால் வேலை ஒபர்பபன்கோபனுக்கு மாற்றப்பட்டது. 1945 ஏப்ரிலில் அமெரிக்கப் படைகள் அங்கு புகுந்தபோது, முற்றுப்பெற்றிருந்தவை நாற்பதுக்கும் குறைவே. அதே மாதத்தில் பிரித்தானிய விமானப் படையிற் பணியாற்றிய பிரெஞ்சு விமானி பியேர் குளொஸ்ரர்மன், சிலுவை வடிவ வாலுள்ள விசித்திர விமானமொன்றைத் தம் ரெம்பெஸ்ற் விமானங்களால் எட்டிப் பிடிக்க இயலாது போயிற்று என எழுதியுள்ளார்.

முதலிடத்துக்கு வழக்காடுவோர் வேறும் உளர். அமெரிக்கரின் எக்ஸ்பி-47ஜே 1944 ஓகஸ்ற்றில் மணிக்கு 505 மைல் எட்டியதென்பர். ஆனால் அது ஒற்றைச் சோதனை விமானம். பி-51எச் மஸ்ராங் மணிக்கு 784 கிலோமீற்றர் வேகமுடையது. தொகையாகக் கட்டப்பட்டும் போர் புரியுமுன் போர் முடிந்துவிட்டது. அம்பும் போரிற் செய்ததாகக் கூறத்தக்கது ஏதுமில்லை. ஆகவே 'விரைவிற் சிறந்தது' என்னும் பட்டத்தை, பகைவர் வானிலே பறந்தவற்றுள் என்னும் வரையறையோடு அளிப்பதே நேர்மையாகும் என்பது எம் கருத்து.

எஞ்சியிருப்பது ஒன்றே. 1945 இல் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவ்விமானம், புதுப்பித்தற்பொருட்டு 1974 இல் அது கட்டப்பட்ட தொழிற்சாலைக்கே திரும்பி வந்தது. வாலைக் கழற்றத் தொடங்கிய தொழிலாளர், செட்டையையும் விசிறியையும் அறுத்தெறியும் பொருட்டு வைத்த வெடிமருந்து முப்பது ஆண்டு கழிந்தும் அங்கேயே இருக்கக் கண்டனர். அது அகற்றப்பட்டு, விமானம் செம்மையாக்கப்பட்டு, மியூனிக் நகரத்து நூதனசாலையிற் சில காலம் இருந்தபின் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்துக்கே மீண்டது.