நூறு சீட்டு சொல்லும் சேதி

"மாமா, பிள்ளைக்கு வெறும் சளிதான். இத்தனை மருந்து வேணுமா?"

பக்கத்து வீட்டுப் பெண் மருந்துச் சீட்டை நீட்டினாள். நெய்வேலி இந்திரா நகரில் முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். வாங்கிப் பார்த்தேன். ஐந்து மருந்து. மூன்றாவது வரியில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்.

"ஒரே சீட்டை வைத்து டாக்டரைக் குறை சொல்லக் கூடாதும்மா. பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவர் அவர். சந்தேகம் இருந்தா அவரிடமே போய்க் கேளு" என்றேன்.

ஆனால் ஒரே டாக்டரின் நூறு சீட்டைச் சேர்த்துப் பார்த்தால் அவர் மருந்து எழுதும் பழக்கம் தெரிந்துவிடும். இதற்கான அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே வகுத்துவிட்டது. ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை மருந்து, எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக், எத்தனை பேருக்கு ஊசி, எத்தனை மருந்து ஜெனரிக் பெயரில், எத்தனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை என்று ஐந்தே கேள்விகள். எண்ணத் தெரிந்தால் போதும்.

நம் நாட்டில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை 20 பெரிய மருத்துவமனைகளில் உள்நோயாளிகளைக் கணக்கெடுத்தது. நூற்றுக்கு 72 பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்கள். அதில் பாதிக்கு மேல், நோய்த்தொற்று வராமல் தடுப்பதற்காக. ஒரு மருத்துவமனையில் 37 சதவீதம், இன்னொன்றில் 100 சதவீதம் என்று வித்தியாசமும் பெரிது. சராசரியை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அந்த 72-ஐ நம் தெருமுனை கிளினிக்கோடு ஒப்பிடவும் கூடாது. அங்கே படுக்கையில் கிடப்பவர்கள், இங்கே நடந்து வருபவர்கள்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு டாக்டர் கிளினிக்கும் என்னென்ன மருந்து எழுதியது என்ற கணக்கு மாதாமாதம் வெளியாகிறது. 2014-ல் ஆன்டிபயாடிக் அதிகம் எழுதிய கிளினிக்குகளுக்குத் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு கடிதம் போட்டார். உங்கள் வட்டாரத்தில் 80 சதவீத கிளினிக்குகள் உங்களைவிடக் குறைவாகவே எழுதுகின்றன என்பதுதான் அதன் சாரம். அபராதமும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஆறே மாதத்தில் 73,000-க்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக் சீட்டுகள் குறைந்தன.

சராசரிக்கு மேலே போனாலே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் இந்திரா நகரில் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்து குடியேறிய ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர். சர்க்கரை, பிரஷர், முட்டுவலி மூன்றும் உள்ளவருக்கு இரண்டு மாத்திரையோடு முடியாது. யாருக்கு எழுதினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இப்படி எண்ணிப் பார்க்க நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கு அத்தியாவசிய மருந்துகளைப் பட்டியல் போட்டு, மொத்தமாக வாங்கித் தருகிறது. 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியல் மருந்துகளை விற்கும் கடைகள் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு என்று நானே எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பதிவேடுகளைக் கூட்டி, டாக்டருக்கே திருப்பிக் காட்டினால் போதும் என்பது என் ஆசை.

மறுநாள் அந்தப் பெண் டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் பிள்ளையை மறுபடி பார்த்துவிட்டு, பேனாவால் மூன்றாவது வரியை அடித்தாராம். சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது.