சிக்னலில் நின்றால் உதறும் பழைய கார்: காரணம் இ20 பெட்ரோலா, ஒரு ரப்பர் ஹோஸா?

ஓடும்போது நல்லா ஓடுது, சிக்னலில் நின்றால் மட்டும் உதறி உதறி ஆஃப் ஆகிடுது. பழைய மாருதி 800, அம்பாசிடர் வைத்திருப்பவர்களின் இந்தப் புகாருக்கு இப்போது ரெடியாக ஒரு பதில் இருக்கிறது: “எல்லாம் இ20 பெட்ரோல்தான் சார்!”

இதில் பாதி உண்மை உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராமே போதும். அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் தேவை சுமார் 13.5 கிராமாகக் குறையும். கார்புரேட்டருக்கு இது எப்படித் தெரியும்? பழைய கணக்கிலேயே காற்றை விடும். மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பது இந்தக் காற்று கூடிய கலவையைத்தான். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள கார்கள் தாமாகவே ஓரளவு சரிசெய்துகொள்ளும்.

ஆனால், நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினை இது மட்டுமே உதற வைப்பது கஷ்டம். முதலில் சந்தேகிக்க வேண்டியது வேக்யூம் லீக். ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை அதிகம், போகும் காற்றோ கொஞ்சம். வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியே நுழையும் காற்றுகூட அப்போது பெரிய பங்கு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதே லீக் ஒன்றுமில்லாமல் போய்விடும். ரோட்டில் கார் சமத்தாக ஓடுவது இதனால்தான்.

சோக் நாப் உள்ள காரில் செலவில்லாத டெஸ்ட் ஒன்று இருக்கு. இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஐட்லிங்கில் சோக்கை லேசாக இழுங்கள். உதறல் அடங்கினால் கலவை லீன். இன்னும் மோசமானால் பிரச்னை வேறு.

அடுத்து, புஸ்ஸென்ற சத்தத்தைத் தேடுங்கள். கார்புரேட்டர் அடி கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டு இணைப்பு, வேக்யூம் ஹோஸ்கள் ஆகியவற்றில் தண்ணீரை லேசாக ஸ்ப்ரே செய்தால், லீக் உள்ள இடத்தில் ஐட்லிங் சட்டென்று மாறும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான சைலன்ஸர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது லீக்கானால் பிரேக் பெடலும் கல்லு மாதிரி ஆகிடும். அப்படி இருந்தால் காரை எடுக்கவே கூடாது.

ஸ்கேனர் மாட்ட வசதியுள்ள கார்களில் ‘ஃப்யூவல் ட்ரிம்’ பாருங்கள். ஐட்லிங்கில் பிளஸ்ஸில் எகிறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்யூம் லீக். வேகத்திலும் லோடிலும் இறங்காமல் ஏறினால் ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள். ஸ்பார்க் பிளக் மிஸ் ஆனாலும் எரியாத ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் ‘லீன்’ என்றே சொல்லும், ஜாக்கிரதை.

இதையெல்லாம் பார்க்காமல் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கை ஏற்றித் தருபவர்கள் உண்டு. உதறல் மறையும், லீக் அப்படியே இருக்கும். புது கார்புரேட்டருக்குத் தலையாட்டும் முன், “ஹோஸ் எல்லாம் செக் பண்ணீங்களா அண்ணே?” என்று கேட்டுவிடுங்கள்.