காற்றாலை சுற்றாமல் நிற்பது ஏன்?



ஆனி, ஆடி மாதங்களில் வியாபார விஷயமாக நாகர்கோவில் போகும்போது முப்பந்தலில் காற்று ஆளையே தள்ளும். ஆனாலும் சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்பதுண்டு. பழுது என்று நாம் நினைக்கிறோம். பழுதாகவும் இருக்கலாம், மின்சாரத்தைக் கொண்டு செல்ல வழியில்லாமல் நிறுத்தி வைத்ததாகவும் இருக்கலாம்.

இது வியாபாரிகளுக்குப் புரியாத விஷயமல்ல. மண்டிக்கு ஒரே நாளில் நூறு லாரி வெங்காயம் வந்தால் இறக்க இடமேது? வெங்காயத்தையாவது நாலு நாள் கிடங்கில் வைக்கலாம். மின்சாரம் உற்பத்தியாகும் நொடியிலேயே செலவாக வேண்டும். வரவும் செலவும் சமமாக இருந்தால்தான் மின்கட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். கம்பிப் பாதையும் தன் அளவுக்கு மேல் பாரம் தாங்காது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியதற்கு, பாரம் மிகுந்த ஒரு பாதை துண்டிக்கப்பட்டதே தொடக்கம்.

காற்றாலையைச் சில மாதங்களில் நிறுத்திவிடலாம். உயர் அழுத்தப் பாதைக்கோ ஊர் ஊராக நிலம் கேட்க வேண்டும், ஆண்டுகள் ஓடும். தென் மாநிலக் கட்டம் நாட்டின் பொதுக் கட்டத்தோடு ஒன்றானதே 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வந்த பிறகுதான். பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நமது புகளூர் வரை 6,000 மெகாவாட் பாதை வந்தது. காற்று மிகும்போது இதன் வழியே வடக்கே மின்சாரம் அனுப்பவும் முடியும்.

சூரிய மின்சாரத்தின் சிக்கல் வேறு. அது நண்பகலில் மிகும். நம் கடைகளில் வியாபாரம் சூடுபிடிப்பதோ விளக்கு வைத்த பிறகு. அந்த இடைவெளியை நிரப்ப பேட்டரியோ, நீரை மேலேற்றி வைக்கும் நீர்மின் நிலையமோ வேண்டும்.

எங்கள் அனுபவம் ஒன்று. கிடங்குக் கூரையில் சோலார் போட்டதும் இனி ஜெனரேட்டருக்கு வேலையில்லை என்று எண்ணினோம். முதல் மின்தடையிலேயே உச்சி வெயிலில் ஃப்ரீசர் நின்றது, சரக்கு வீணானது. பேட்டரி இல்லாத சோலார், லைன் கரண்ட் போனால் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. முறையானதுதான், ஆனால் முன்பே எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே சோலார் போடும் அன்பர்கள், கட்டணம் எவ்வளவு மிச்சமாகும் என்பதோடு, மின்தடையில் எது ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பழைய ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டாம்.