வெள்ளைக் காளானுக்கு எந்த வண்ணம்?

வாட்டர்கலர் பழகத் தொடங்குபவர்கள் காளான் என்றதும் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட படத்துக்குத்தான் போவார்கள். அதற்குப் பிறகு வரலாம். முதலில் கடையில் ஒரு பாக்கெட் பட்டன் காளான் வாங்குங்கள். குடை சற்று விரிந்ததாகப் பார்த்து இரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சமையலுக்குக் கொடுத்துவிடலாம். ஒன்றை நெடுக்காக இரண்டாக வெட்டி, முழுக் காளானுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழட்டும்.

வாட்டர்கலரில் வெள்ளை என்றால் காகிதம்தான். அதைப் பழக வெள்ளைக் காளானைவிட நல்ல பாடம் இல்லை. பெட்டியில் இருக்கும் வெள்ளை டியூபைத் தொடவே வேண்டாம். நீங்கள் தீட்டப்போவதெல்லாம் நிழல். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் அருமையான சாம்பல் நிறம் கிடைக்கும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ச்சி, பழுப்பு தூக்கலாக இருந்தால் கதகதப்பு. கறுப்பில் தண்ணீர் கலந்து எடுக்கும் சாம்பலில் இந்த உயிர் இருக்காது.

மற்ற சாமான்களில் சிக்கனம் பிடிக்கலாம், காகிதத்தில் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் கோல்டு பிரஸ் தாள் வாங்குங்கள். பள்ளி டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும். ரவுண்டு பிரஷ் 8, 2 என இரண்டு எண்களும், இரண்டு டம்ளர் தண்ணீரும் போதும்.

பென்சிலால் மெலிதாக உருவம் போட்ட பின், குடைப் பகுதியைச் சுத்தமான தண்ணீரால் மட்டும் நனையுங்கள். வெளிச்சம் விழும் உச்சியை மட்டும் நனைக்காமல் விட்டுவிடுங்கள். இனி தாளைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கிப் பளபளத்தால் பொறுங்கள். இப்போது வைக்கும் வண்ணம் கண்டபடி ஓடும். தேக்கம் போய் லேசான மினுமினுப்பு மட்டும் நிற்கும்போது நிழல் பக்கத்து ஓரத்தில் சாம்பலைத் தொட்டு வையுங்கள். அது தானே பரவி, வெளிச்சத்தை நோக்கி மெல்ல மங்கும். குடையின் உருண்டை வடிவம் இந்த இடத்தில்தான் வருகிறது. மினுமினுப்பும் போய்விட்டால் கையை எடுத்துவிடுங்கள். அரைகுறை ஈரத்தில் இன்னொரு சொட்டு விழுந்தால், வண்ணம் ஒதுங்கி ஓரம் சுருண்டு காலிஃபிளவர் போலக் கறை படியும். புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் முதலிலேயே ஒரு சுற்று அடர்த்தியாக வைப்பது நல்லது.

குடைக்கு அடியில் இருக்கும் செவுள்களை எண்ணி எண்ணிக் கோடு போடுவது வீண் வேலை. முதலில் அந்தப் பகுதி முழுவதும் ஒரே வெளிர்நிறப் பூச்சு கொடுங்கள். பட்டன் காளானில் அது இளசில் இளஞ்சிவப்பு, முற்றினால் சாக்லேட் பழுப்பு. காய்ந்த பின் 2-ஆம் எண் பிரஷின் நுனியால் செவுள்களுக்கு நடுவே உள்ள இருட்டை மட்டும் தீட்டுங்கள். எல்லாக் கோடுகளும் தண்டை நோக்கியே ஓட வேண்டும். உற்றுப் பார்த்தால் சில செவுள்கள் தண்டுவரை வராமல் பாதியிலேயே நின்றுவிடுவது தெரியும். அந்தக் குட்டைக் கோடுகளைச் சேர்த்தால் படம் நிஜமாகிவிடும்.

காளானை வெட்டி வைக்கச் சொன்னதற்கு ஒரு முன்னோடி உண்டு. பீட்டர் முயல் கதைகளை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் 1890களில் நூற்றுக்கணக்கான காளான்களை வாட்டர்கலரில் வரைந்தார். செவுள்கள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று தெரிய வெட்டுத்தோற்றத்தையும் வரையும்படி அவருக்குச் சொன்னவர் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர். காளான்களை நன்கு அறிந்தவர். அந்தப் படங்களில் பெரும்பகுதி இங்கிலாந்தில் ஆம்பிள்சைடு ஊரின் ஆர்மிட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1967-இல் வந்த ஒரு காளான் நூலிலும் அவற்றில் பல அச்சாயின.

இனி அந்தச் சிவப்புக் காளானுக்கு வரலாம். அது விஷக் காளான். படத்தைப் பார்த்து வரைவதே போதும். முதலில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், அது காய்ந்ததும் மேலே சிவப்பு. புள்ளி வரும் இடங்களைக் காகிதமாகவே விட்டுச் சுற்றித் தீட்டுங்கள், அல்லது மாஸ்கிங் திரவம் வைத்து மறையுங்கள். திரவத்தில் முக்குமுன் பிரஷில் கொஞ்சம் சோப்பு தடவாவிட்டால் மயிர்கள் ஒட்டிப் பிரஷ் வீணாகிவிடும். குடை விரியுமுன் முழுக் காளானையும் மூடியிருந்த உறையின் கிழிசல்களே அந்தப் புள்ளிகள். ஆகவே அளவெடுத்து வட்ட வட்டமாக வைக்காமல், பெரிதும் சிறிதுமாக, ஓரத்துக்குப் போகப் போகத் தட்டையாக வையுங்கள். பலத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போவதும் உண்டு. புள்ளியே இல்லாத சிவப்புக் குடையை வரைந்தாலும் அது சரிதான்.